விரியன் நஞ்சு இரத்தத்தில், கட்டுவிரியன் நஞ்சு நரம்பில்: உடலுக்குள் நடப்பது என்ன?

பர்மாவில் தொங்குவா பக்கத்து நெல்வயல் கிராமம் ஒன்றைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கான பதில் இது. சென்ற அறுவடையின்போது அவருடைய பெரியப்பாவைக் கண்ணாடி விரியன் குதிகாலில் தீண்டியது. கால் வீங்கியது, பல் ஈறில் இரத்தம் கசிந்தது, மறுநாள் சிறுநீர் குறைந்தது, ரங்கூனுக்குக் கொண்டுபோய் டயாலிசிஸ் செய்து பிழைக்கவைத்தார்கள். அதற்கு முந்தைய மழைக்காலத்தில், தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த அத்தை மகனைக் கட்டுவிரியன் தீண்டியபோது வீக்கமும் இல்லை, சொல்லும்படியான வலியும் இல்லை. வயிற்றுவலி என்று விடியற்காலையில் எழுந்தவன் இமையைத் தூக்க முடியாமல், நாக்குக் குழறி, மூச்சு ஒடுங்கி, செயற்கைச் சுவாசக் கருவியில் பல நாள் கிடந்து மீண்டான். இரண்டும் பாம்பு விஷம்தான் என்றால் ஒன்று இரத்தத்தையும் மற்றொன்று நரம்பையும் தேடிப் போவது எப்படி, விஷம் தலைக்கேறியதால்தான் பையன் பேச்சற்றுப் போனானா, இரத்தம் தண்ணீராகிவிட்டது என்று ஊரில் சொல்வது சரிதானா என்பவை அவருடைய கேள்விகள்.

நஞ்சு எதையும் தேடிப் போவதில்லை. கடித்த இடத்திலிருந்து நிணநீர் வழியாகவும் இரத்தத்தின் வழியாகவும் உடல் முழுவதும் பரவுகிறது. பரவும் வழியில் எந்த மூலக்கூறோடு அது பொருந்துகிறதோ அந்த இடத்தில் மட்டுமே வேலை செய்கிறது. விரியன் நஞ்சில் இருக்கும் புரதங்களுக்கு இரத்தத்தின் உறைதல் காரணிகள் பொருந்துகின்றன. கட்டுவிரியன் நஞ்சில் இருக்கும் புரதங்களுக்கு நரம்பும் தசையும் சந்திக்கும் இடம் பொருந்துகிறது. ஆகவே இந்த இரண்டு இடங்களும் நலமாக இருக்கும்போது எப்படி இயங்குகின்றன என்று தெரிந்துகொண்டால் இரண்டு நோயாளிகளின் கதையும் தானாக விளங்கும்.

முதலில் இரத்தம். வளர்ந்த ஒருவருடைய உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. உடல் எடையில் அது 7 முதல் 8 விழுக்காடு. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு சிவப்பணுக்கள். ஒரு மைக்ரோலிட்டரில் அவை ஏறக்குறைய 50 லட்சம் இருக்கும், ஒவ்வொன்றும் சுமார் 120 நாள் வாழும், ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜனைச் சுமந்து செல்லும். வெள்ளையணுக்கள் கிருமிகளோடு போராடும். இவை பாடநூலில் விரிவாகவே இருப்பதால் இங்கே நீட்டவில்லை. நம் கேள்விக்கு வேண்டியவை இரண்டு: ஒரு மைக்ரோலிட்டரில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்கும் இரத்தத் தட்டுகள், அவற்றோடு பிளாஸ்மா என்னும் வெளிர்மஞ்சள் நீரில் கரைந்திருக்கும் புரதங்கள். அந்தப் புரதங்களில் ஃபைப்ரினோஜன் முக்கியமானது. ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் 2 முதல் 4 கிராம் வரை இருக்கும் இதைக் கல்லீரல்தான் உருவாக்குகிறது. இரத்தம் உறைவது என்றால், கரைந்த நிலையில் இருக்கும் ஃபைப்ரினோஜன் கரையாத ஃபைப்ரின் இழைகளாக மாறி, அந்த இழைகளின் வலையில் அணுக்கள் சிக்கிக் கட்டியாவது என்றுதான் பொருள்.

இந்த மாற்றம் எப்போதும் தயாராக இருக்க வேண்டும், ஆனால் தேவையில்லாத இடத்தில் ஒருபோதும் நடக்கக்கூடாது. எதிரெதிரான இந்த இரண்டு தேவைகளையும் உடல் நிறைவேற்றும் விதம் வியப்பானது. இரத்தக் குழாயின் உட்சுவர் இருக்கும் வரை இரத்தம் அதில் ஒட்டுவதில்லை. சுவருக்கு வெளியே உள்ள செல்களின் மேல்தான் திசுக் காரணி என்ற புரதம் இருக்கிறது. காயம்பட்டுக் குழாய் கிழிந்தால் ஒழிய இரத்தம் அதைச் சந்திப்பதே இல்லை. சந்தித்தவுடன், எண்ணிட்டு அழைக்கப்படும் இரத்தத்தின் உறைதல் புரதங்களில் ஒன்றான ஏழாம் காரணியோடு அது சேர்ந்து பத்தாம் காரணியைக் கிளப்பிவிடுகிறது. கிளம்பிய பத்தாம் காரணி, ஐந்தாம் காரணியின் துணையோடும் கால்சியத்தோடும் இரத்தத் தட்டுகளின் மேற்பரப்பில் அமர்ந்து, புரோத்ரோம்பினை வெட்டி த்ரோம்பினாக்குகிறது. த்ரோம்பின் ஃபைப்ரினோஜனை வெட்டுகிறது. பதின்மூன்றாம் காரணி அந்த இழைகளைக் குறுக்கே பிணைத்து உறுதியாக்குகிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி அடுத்த நொதியைப் பல மடங்காகக் கிளப்புவதால் சிறு தொடக்கம் சில நிமிடங்களில் பெரிய விளைவாகிறது. இந்தத் தொடர் அமைப்பை 1964ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மக்ஃபார்லேனும், அமெரிக்காவில் டேவியும் ரட்னாஃபும் தனித்தனியாக விளக்கினார்கள். மறுபுறம் ஆன்டித்ரோம்பின் போன்ற புரதங்கள் இந்த நொதிகளை அடக்கிக்கொண்டே இருக்கின்றன. புண் ஆறும் காலத்தில் பிளாஸ்மின் என்ற நொதி ஃபைப்ரின் கட்டியைக் கரைத்துவிடுகிறது.

இப்போது கண்ணாடி விரியனுக்கு வருவோம். பர்மியர்கள் ம்வே ப்வே என்று சொல்லும் இந்தப் பாம்பின் நஞ்சில், பத்தாம் காரணியை நேரடியாகவே கிளப்பிவிடும் நொதி ஒன்றும், ஐந்தாம் காரணியைக் கிளப்பும் நொதி ஒன்றும் இருக்கின்றன. அதாவது திசுக் காரணி, ஏழாம் காரணி என்ற முதல் இரண்டு காவல்களையும் அது தாண்டிவிடுகிறது. காயம் தேவையில்லை, குழாய் கிழியத் தேவையில்லை, நஞ்சு சென்ற இடமெல்லாம் த்ரோம்பின் உண்டாகிறது. ஆகவே விரியன் நஞ்சு செய்யும் முதல் வேலை இரத்தத்தை உறையவைப்பது. இதைச் சொன்னால் மாணவர்கள் எப்போதும் மறுத்துக் கேட்கிறார்கள்: அப்படியானால் ஈறில் ஏன் கசிந்தது? நாற்று விடும் காலம் வருமுன்பே விதைநெல்லைக் குத்திச் சமைத்துத் தீர்த்துவிட்ட வீட்டின் நிலைதான் அந்த உடலின் நிலை. உடல் முழுவதும் சின்னஞ்சிறு ஃபைப்ரின் துணுக்குகளாக உருவாகி, பிளாஸ்மினால் உடனுக்குடன் கரைக்கப்பட்டு, சில மணி நேரத்தில் ஃபைப்ரினோஜன் அறவே தீர்ந்துபோகிறது. ஐந்தாம் காரணியும் பத்தாம் காரணியும் செலவாகிவிடுகின்றன. அதன் பிறகு உண்மையான காயம் ஒன்று கேட்கும்போது கொடுப்பதற்கு இரத்தத்தில் ஒன்றுமில்லை. அதே நஞ்சில் குழாய்ச் சுவரின் அடிப்படலத்தையே அரிக்கும் வேறு நொதிகளும் இருப்பதால், பல் துலக்கும்போது ஈறில் படும் கீறல் போதும், கசிவு நிற்காது. ஊசி போட்ட துளை, பழைய புண், கடிவாய், சிறுநீர்ப் பாதை என்று எல்லா இடத்திலும் இதுவே நடக்கும்.

ஆகவே "இரத்தம் தண்ணீராகிவிட்டது" என்று ஊரில் சொல்வது விளைவைப் பொறுத்த வரையில் சரியான கவனிப்புத்தான். சிவப்பணுக்களும் ஹீமோகுளோபினும் பெரும்பாலும் அப்படியே இருக்க, உறையும் திறன் மட்டும் போய்விடுகிறது என்பதே அதன் உட்பொருள். உறையவைக்கும் இந்த ஆற்றலை மருத்துவம் பயன்படுத்திக்கொண்டதும் உண்டு. மேலே சொன்ன அதே மக்ஃபார்லேன், 1934இல் தம் சக ஆய்வாளர் பார்னெட்டுடன் சேர்ந்து, பிறவியிலேயே இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளின் காயத்தின் மேல் இந்தப் பாம்பின் நஞ்சை வெகுவாக நீர்த்துத் தடவி இரத்தப்போக்கை நிறுத்த முடியும் என்று காட்டினார். இன்றும் உறைதல் கோளாறு ஒன்றைக் கண்டறியும் ஆய்வகச் சோதனையில் இந்த நஞ்சுதான் வினைப்பொருள்.

உங்கள் பெரியப்பாவுக்கு மருத்துவமனையில் முதலில் செய்திருக்கக்கூடிய சோதனை மிக எளியது. அதைச் சற்று விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மேலே சொன்னது முழுவதும் அந்த ஒரு குழாயில் கண்ணுக்குத் தெரிகிறது. கையில் இருக்கும் சிரையிலிருந்து 2 மில்லிலிட்டர் இரத்தம் எடுத்து, புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்திவைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். நலமான இரத்தம் அதற்குள் கட்டியாகி அசையாமல் நிற்கும். விரியன் நஞ்சு ஏறியவருடைய இரத்தம், எடுத்த கணத்தில் இருந்தது போலவே, குழாயின் சுவர் வழியே வழிந்து இறங்கும். இதில் பிழை நுழையும் வாய்ப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. கண்ணாடிப் பரப்பு பன்னிரண்டாம் காரணியைக் கிளப்பி உறைதலைத் தொடங்கிவைக்கிறது; பிளாஸ்டிக் குழாய் அதைச் செய்யாது. சோப்புத் தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியும் அந்தத் தன்மையை இழந்துவிடும். ஆகவே கழுவிய பழைய குழாயிலோ பிளாஸ்டிக் குழாயிலோ சோதித்துவிட்டு, நலமான மனிதரின் இரத்தம் உறையவில்லை என்று பயந்துபோக இடமுண்டு. சந்தேகம் வந்தால் கூட வந்த உறவினர் ஒருவரின் இரத்தத்தையும் அதே வகைக் குழாயில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்ல வழக்கம்.

நச்சுமுறி மருந்து கொடுத்த பிறகு இந்தச் சோதனையை ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பச் செய்வதற்கும் காரணம் உடலியங்கியலில்தான் இருக்கிறது. மருந்து நஞ்சை முடக்கும். ஆனால் தீர்ந்துபோன ஃபைப்ரினோஜனை அது தராது. கல்லீரல்தான் புதிதாக உருவாக்க வேண்டும், இரத்தம் மறுபடி உறையும் அளவுக்கு அதை உருவாக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடிக்கிறது. நஞ்சு இன்னும் மிச்சம் இருந்தால் புதிதாக வந்ததும் செலவாகி, குழாயில் இரத்தம் மீண்டும் வழியும். அப்போது மறுபடி மருந்து தேவை. மருந்து ஏறியும் ஒரு மணி நேரத்தில் இரத்தம் உறையவில்லையே என்று உறவினர்கள் மருத்துவரோடு சண்டைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் உறைய வழியில்லை.

சிறுநீரகம் ஏன் அடிபட்டது? எடையில் சிறியதானாலும், இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல், இரண்டு சிறுநீரகங்கள் வழியாக ஓடுகிறது. அவ்வளவு இரத்தமும் மிக நுண்ணிய நாளங்களின் முடிச்சுகளுக்குள் புகுந்து வெளிவர வேண்டியிருப்பதால், ஃபைப்ரின் துணுக்குகள் அங்கே படிகின்றன. அதோடு இரத்த அழுத்தம் தாழ்வதும், நஞ்சு சிறுநீரகச் செல்களை நேரடியாகவே தாக்குவதும் சேர்ந்துகொள்கின்றன. எனவே விரியன் தீண்டியவர் எத்தனை முறை, எவ்வளவு சிறுநீர் கழித்தார் என்பதை ஒரு பாட்டிலில் அளந்து குறித்து வைப்பது, உடன் இருப்பவர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

பர்மாவின் விரியனுக்கு மேலும் இரண்டு குணங்கள் உண்டு, இவற்றை நம்மவர்கள் தெரிந்துவைத்திருப்பது அவசியம். ஒன்று, நுண்நாளங்களின் சுவர் ஒழுகத் தொடங்குவது. ஆல்புமின் என்ற புரதம் குழாய்க்குள்ளேயே தங்கி நீரைப் பிடித்துவைப்பதால்தான் நம் இரத்தத்தின் அளவு குறையாமல் இருக்கிறது. சுவர் ஒழுகினால் ஆல்புமினும் நீரும் திசுக்களுக்குள் போய்விடும். கண்ணின் வெள்ளைப் பகுதிமேல் இருக்கும் மெல்லிய சவ்வு நீர் கோத்து உப்பிக்கொண்டு நிற்கும், இரத்த அழுத்தம் தாழும். கண் இப்படி உப்பினால் அது கடுமையான நஞ்சேற்றத்தின் அடையாளம்.

மற்றொன்று பிட்யூட்டரி. மூளையின் அடியில், அரை கிராம் அளவே எடையுள்ள இந்தச் சுரப்பிதான் தைராய்டு, அட்ரினல், பாலுறுப்புச் சுரப்பிகள் எல்லாவற்றுக்கும் ஆணையிடுகிறது. நஞ்சின் விளைவாக அதற்குள் இரத்தக்கசிவு ஏற்பட்டோ நாளங்கள் அடைபட்டோ சுரப்பி செத்துப்போவது உண்டு. பிரசவத்தில் பெருமளவு இரத்தம் இழந்த பெண்களுக்கு வரும் ஷீஹான் நோயைப் போன்ற இந்த நிலை பர்மாவில் விரியன் தீண்டியவர்களிடம் காணப்படுவதை 1987இல் டுன் பேயும் அவருடைய குழுவினரும் மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னார்கள். கொடுமை என்னவென்றால், கடித்த வாரமே தெரியாமல், மாதங்களோ ஆண்டுகளோ கழித்தும் இது தலைகாட்டலாம். ஓயாத களைப்பு, குளிர் தாங்காமை, மீசையும் அக்குள் முடியும் உதிர்தல், பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோதல், சாதாரணக் காய்ச்சலிலேயே சர்க்கரையும் சோடியமும் சரிந்து மயங்கி விழுதல் என்று வரும். வயதாகிவிட்டது, வேலை செய்ய மனமில்லை என்று வீட்டில் ஏச்சு வாங்கிக்கொண்டு இருப்பவருக்கு உண்மையில் ஹார்மோன் மாத்திரை தேவைப்படலாம். உங்கள் பெரியப்பா எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும், இன்ன ஆண்டில் விரியன் தீண்டியது என்பதை முதல் வரியாகச் சொல்லட்டும்.

இனி நரம்பு. மூளையில் மட்டும் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஓய்வில் இருக்கும் நரம்புச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். செல்லின் சவ்வில் இருக்கும் ஏற்றுக்கருவி மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுத்துக்கொண்டே இருப்பதால், வெளியே சோடியமும் உள்ளே பொட்டாசியமும் மிகுந்திருக்கின்றன. பொட்டாசியம் சிறிது சிறிதாக வெளியே கசிவதுதான் உட்புறத்தை எதிர்மின் நிலையில் வைக்கிறது. செய்தி கிளம்பும்போது சவ்வின் சோடியம் வாயில்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது. ஒரு மில்லிவிநாடி அளவில் மின்நிலை தலைகீழாகி, பொட்டாசியம் வெளியேறப் பழையபடி திரும்புகிறது. இந்த மாற்றம் அடுத்த இடத்தைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, செய்தி நரம்பின் நீளத்துக்கு ஓடுகிறது. மயலின் உறை போர்த்திய தடித்த நரம்பில் அதன் வேகம் விநாடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். உறையில்லாத மெல்லிய வலிநரம்பில் விநாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். கல்லில் கால் இடித்தவுடன் இடித்தது முதலிலும் வலி சற்றுப் பின்னாலும் தெரிவது இதனால்தான்.

கட்டுவிரியன் நஞ்சு இதில் எதையுமே தொடுவதில்லை. அத்தை மகனுடைய மூளையும் தண்டுவடமும் நரம்புகளும் நலமாகவே இருந்தன; இமையைத் தூக்கு என்ற ஆணை மூளையிலிருந்து புறப்பட்டு, நரம்பின் நுனி வரையில் தவறாமல் வந்து சேர்ந்தது. கெட்டுப்போனது அதற்கடுத்த இடைவெளி. நரம்பு தசையைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 50 நானோமீட்டர் இடைவெளி இருக்கிறது. செய்தி நுனிக்கு வந்ததும் கால்சியம் உள்ளே நுழைகிறது. அசிட்டைல்கோலின் நிரம்பிய நுண்பைகள் வெடித்து அந்த வேதிப்பொருளை இடைவெளியில் கொட்டுகின்றன. எதிர்க்கரையில் தசையின் மேல் நெருக்கமாக நிற்கும் ஏற்பிகளில் அது அமர்ந்ததும் தசை சுருங்குகிறது. வேலை முடிந்த அசிட்டைல்கோலினை இடைவெளியிலேயே இருக்கும் ஒரு நொதி மில்லிவிநாடிக்குள் சிதைத்து இடத்தைச் சுத்தம் செய்துவிடுகிறது. நரம்பு தன் செய்தியை மின்சாரமாக அல்லாமல் வேதிப்பொருளாகக் கைமாற்றிக் கொடுக்கிறது என்பதை, 1921இல் ஆட்டோ லோவி தவளையின் இதயத்தை வைத்துக் காட்டினார். ஹென்றி டேலுடன் சேர்த்து அவருக்கு 1936இல் நோபல் பரிசு கிடைத்தது.

கட்டுவிரியன் இனம் ஒன்றின் நஞ்சிலிருந்து இரண்டு வகைப் புரதங்களை 1963இல் தைவானைச் சேர்ந்த சாங், லீ என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். ஆல்பா பங்காரோடாக்சின் தசையின் ஏற்பியில் போய் அமர்ந்துகொண்டு, அசிட்டைல்கோலினுக்கு இடம் விடாமல், ஏறக்குறைய நிரந்தரமாக அங்கேயே தங்கிவிடுகிறது. பீட்டா பங்காரோடாக்சின் இக்கரையில் வேலை செய்கிறது. நரம்பு நுனியின் சவ்வைச் சிதைத்து, நுண்பைகளைத் தீர்த்து, நுனியையே அழித்துவிடுகிறது. பின்னது நடந்து முடிந்த பிறகு எந்த மருந்தாலும் அதைத் திருப்ப முடியாது. நரம்பு நுனி மறுபடி முளைத்துத் தசையோடு இணைய நாட்களோ வாரங்களோ ஆகும். அதுவரையில் கருவி மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். கருவியில் இத்தனை நாள் வைத்திருக்கிறார்களே, பிழைக்கமாட்டானா என்று வீட்டார் அழுத நாட்களில் உள்ளே நரம்பு நுனிகள் வளர்ந்துகொண்டிருந்தன.

நல்ல பாம்பின் நஞ்சு பெரும்பாலும் ஏற்பியின் பக்கம் மட்டும் வேலை செய்கிறது, அதுவும் அவ்வளவு இறுக்கமாகப் பற்றுவதில்லை. அதனால்தான் நல்ல பாம்பு தீண்டியவருக்கு, அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் நியோஸ்டிக்மின் ஊசியை அட்ரோபினோடு சேர்த்துப் போட்டால் தாழ்ந்த இமை சில நேரம் கண்முன்னே உயர்கிறது. இடைவெளியில் அசிட்டைல்கோலின் பெருகி, மிச்சமிருக்கும் ஏற்பிகளுக்குப் போட்டி போடுகிறது. கட்டுவிரியன் தீண்டியவரிடம் இந்த ஊசி பெரும்பாலும் பலிப்பதில்லை. கொட்டுவதற்கு நுனியில் சரக்கே இல்லையல்லவா.

இமை முதலில் தாழ்வதற்குக் காரணம், விழித்திருக்கும் நேரமெல்லாம் அந்தத் தசை ஓயாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருப்பதும், கண்ணைச் சுற்றியுள்ள தசைகளின் சந்திப்புகளில் உபரித் திறன் குறைவாக இருப்பதும்தான். தொடைத்தசையில் சில ஏற்பிகள் அடைபட்டாலும் மற்றவை ஈடுகட்டிவிடும். கண்ணில் உடனே தெரியும். அதன் பின் பார்வை இரண்டாகத் தெரிதல், வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை, குரல் மூக்கால் வருதல், கழுத்து தொய்தல் என்று இறங்கி, கடைசியில் கழுத்தின் மூன்று, நான்கு, ஐந்தாம் தண்டுவடப் பகுதிகளிலிருந்து நரம்பு பெறும் உதரவிதானத்தை எட்டுகிறது. இதயம் மட்டும் நிற்பதில்லை, ஏனென்றால் இதயத் தசை தானாகவே துடிப்பது. அதிலிருக்கும் அசிட்டைல்கோலின் ஏற்பியும் வேறு வகை.

விஷம் தலைக்கேறியதா என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். ஏறவில்லை. மூளையின் நுண்நாளங்களில் செல்கள் இடைவெளியின்றி நெருங்கி நின்று, இத்தகைய பெரிய புரதங்களை உள்ளே விடாத தடுப்பாக இருக்கின்றன. ஆகவே நோயாளி கண் திறக்காமல், கை அசைக்காமல், பேசாமல் கிடந்தாலும் அறிவு தெளிவாக இருக்கிறது, சுற்றி நடப்பதெல்லாம் காதில் விழுகிறது. கண்மணி விரிந்து ஒளிக்குச் சுருங்காமல் நிற்பதும் உண்டு. அதைப் பார்த்து மூளை செத்துவிட்டது என்று முடிவு கட்டக்கூடாது. மூளைக்கு ஆபத்து வேறு வழியில் வருகிறது. உடல் எடையில் 2 விழுக்காடே இருக்கும் மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்ஸிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. உதரவிதானம் நின்று, இரத்தத்தில் ஆக்ஸிஜன் தீர்ந்தால் சில நிமிடங்களில் மூளை பழுதாகும். கட்டுவிரியன் கடி கொல்வது மூச்சடைப்பினால்தான்.

பர்மாவிலேயே நடந்த ஒரு மரணம் இதை விளக்கும். கலிபோர்னியா அறிவியல் கழகத்தைச் சேர்ந்த பாம்பியல் அறிஞர் ஜோ ஸ்லோவின்ஸ்கி, மண்டலே பகுதியின் நஞ்சுமிழும் நாகத்தை 2000ஆம் ஆண்டில் புதிய இனமாக அறிவித்த இருவரில் ஒருவர். 2001 செப்டம்பர் 11 அன்று, கச்சின் மாநிலத்தின் வடகோடியில், பையில் இருந்தது நஞ்சற்ற பாம்பு என்று எண்ணிக் கையை விட்டபோது சிறிய கட்டுவிரியன் அவரைத் தீண்டியது. இனி என்ன நடக்கும் என்பது அவருக்கே நன்றாகத் தெரியும். அதைத் தோழர்களிடம் சொல்லியும் வைத்தார். மூச்சு நின்ற பிறகு தோழர்கள் மாறி மாறி வாயோடு வாய் வைத்து மணிக்கணக்காக மூச்சுக் கொடுத்தார்கள். வானிலை கெட்டிருந்ததால் ஹெலிகாப்டர் வந்து சேரவில்லை. மறுநாள் இறந்தார். பக்கத்தில் ஒரு சுவாசக் கருவி இருந்திருந்தால் கதை வேறாக முடிந்திருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ உறவினர் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்குள்ள கண்ணாடி விரியன் தீண்டினால் இரத்தம் உறையாமல் போவதோடு இமை தாழ்வதும் உண்டு. அது வேறு இனம், அதன் நஞ்சில் நரம்புத்தசைச் சந்திப்பைத் தாக்கும் புரதமும் கலந்திருக்கிறது. இரத்தத்துக்கு ஒரு பாம்பு, நரம்புக்கு ஒரு பாம்பு என்று பாடநூல் போடும் கோடு அவ்வளவு நேரானதல்ல. அங்குள்ள மருந்து இங்குள்ள விரியனுக்கு முழுமையாகப் பொருந்தாமல் போவதும், பர்மா தன் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு குதிரைகளில் தன் மருந்தைத் தயாரித்துக்கொள்வதும் இதனால்தான். விரியனுக்கு ஒன்று, நல்ல பாம்புக்கு ஒன்று என்று தனித்தனியாக அந்த மருந்து வருவதால் எது தீண்டியது என்பதை மருத்துவர் அறிய வேண்டியிருக்கிறது. அதற்காகப் பாம்பைத் தேடி அடிக்கப் போக வேண்டாம். எட்ட நின்று கைபேசியில் ஒரு படம் எடுத்தால் போதும். படமும் இல்லையென்றால் கண்ணாடிக் குழாயும் இமையும் பதில் சொல்லும்.

நம் கிராமங்களில் தீண்டப்பட்டவருக்கு வேப்பிலையோ மிளகாயோ கொடுத்து, கசக்கிறதா, உறைக்கிறதா என்று கேட்டு விஷம் ஏறியதைக் கணிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சுவை உணர்நரம்புகள் வழியாக மூளைக்குப் போகிறது. நஞ்சு தாக்குவது தசையை இயக்கும் முனையை. ஆகவே மூச்சு நிற்கும் தறுவாயில் இருப்பவருக்கும் வேப்பிலை கசக்கத்தான் செய்யும். விரியன் தீண்டியவருக்கும் அப்படியே. சோதனை பயனற்றது என்பதோடு நிற்பதில்லை. விழுங்கும் தசை தளர்ந்தவர் வாயில் இலையைத் திணித்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

முதலுதவியும் இதே உடலியங்கியலிலிருந்துதான் வருகிறது. நஞ்சின் பெரும்பகுதி நிணநீர் வழியாக நகர்கிறது, நிணநீரை நகர்த்துவது தசையின் அசைவு. ஆகவே தீண்டப்பட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட காலையோ கையையோ மூங்கில் பத்தை வைத்து அசையாமல் கட்டி, தூக்கிக்கொண்டு போக வேண்டும். கடிவாயைக் கீறினால், உறையும் திறன் இழந்த இரத்தம் நிற்காமல் ஓடும். கயிற்றால் இறுகக் கட்டினால் காலுக்கு இரத்தம் போகாமல் தசை அழுகும். அவிழ்த்தவுடன் தேங்கிய நஞ்சு மொத்தமாக உள்ளே பாயும். இமை தாழத் தொடங்கியவரை மல்லாக்கப் படுக்கவைக்காமல் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், எச்சில் தொண்டைக்குள் இறங்காமல் இருக்கும். மூச்சு நின்றால் மருத்துவமனை வாசல் வரை வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்துக்கொண்டே போங்கள். நச்சுமுறி மருந்தை ஊரிலேயே வாங்கிவைத்துப் போட்டுக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அது குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த புரதம் என்பதால், ஏற்றிய சில நிமிடங்களில் கடும் ஒவ்வாமை வந்து இரத்த அழுத்தம் சரியலாம். அட்ரினலின் ஊசியைக் கையில் தயாராக வைத்திருக்கும் மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் அதை யாரும் ஏற்றக்கூடாது.